பார்த்த பின் தேர்ந்தெடுக்கட்டும்: கொண்டாப்பூரும் பொறியியல் ஆசையும்

ஐதராபாத்தின் மேற்கே கச்சிபௌலி, மாதாப்பூர், மியாப்பூர் ஆகியவற்றுக்கு நடுவே இருக்கும் கொண்டாப்பூரில் வீட்டு வாடகை, நிலத்தின் விலை, பள்ளிகளின் பெருக்கம், சாலை நெரிசல் எல்லாவற்றையும் ஒரு தொழில்தான் தீர்மானிக்கிறது. 1998 நவம்பரில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடத்தைத் திறந்து வைத்தார். ஐ.ஐ.ஐ.டி. ஐதராபாத் கச்சிபௌலியில் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அதற்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் பாறையும் புதரும் நிறைந்திருந்த, இந்த ஊர்கள் அடங்கிய சேரிலிங்கம்பள்ளி வட்டாரம் இந்திய மென்பொருள் தொழிலின் பெருமையங்களில் ஒன்றாகிவிட்டது. வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் இங்கே ஏராளம். இத்தகைய ஊரில் வளரும் மாணவர் பொறியாளராக விரும்புவது இயல்பு. அந்த விருப்பத்தைப் பேராசை என்றோ பெற்றோரின் திணிப்பு என்றோ ஒதுக்குவது சரியன்று. ஆராய வேண்டிய கேள்வி வேறு: பொறியியல் என்ற வேலையை ஒரு மாணவர் எப்போது, எவ்வளவு தெரிந்துகொண்டு அதை விரும்புகிறார்? இன்றைய வரிசையில் முதலில் நுழைவுத் தேர்வு, அடுத்து தரவரிசை, பிறகு கவுன்சலிங், பிறகு துறை, அதன் பின்னரே அந்தத் துறையின் வேலை கண்ணில் படுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்காமல் இடங்களைக் கூட்டுவதாலும் கட்டணச் சலுகை தருவதாலும் மட்டும் மாணவரின் ஆசை நல்ல வாழ்க்கைத் தொழிலாக மாறிவிடாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

கண்ணில் படுவதே கனவாகிறது

இளம் வயது ஆசை குறுகலாக இருப்பதற்கு இந்தியா மட்டும் எடுத்துக்காட்டு அன்று. 2018ஆம் ஆண்டின் பிசா என்னும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டில் 15 வயது மாணவர்களிடம், முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. அந்த விடைகளை வைத்துப் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2020 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒப்பிடப்பட்ட 41 நாடுகளில் மாணவர்களில் 47 விழுக்காட்டினரும் மாணவியரில் 53 விழுக்காட்டினரும் வெறும் பத்து வேலைகளுக்குள்ளேயே தங்கள் எதிர்காலத்தைக் கண்டனர். மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் இதற்கு விளக்கம் இருக்கிறது. ஆசைப்படுவதும் ஒரு திறன், பயிற்சியால் வளர்வது, சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படாதது என்கிறார் அவர். வசதி உள்ளவர்களுக்குப் பல வழிகள் தெரியும், ஒரு வழி அடைபட்டால் வேறொன்றுக்குத் திரும்பவும் தெரியும். மற்றவர்களுக்கு இலக்கு மட்டுமே தெரிகிறது, இடைப்பட்ட பாதை தெரிவதில்லை. இங்கிலாந்தில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009 முதல் நடந்த ஆஸ்பையர்ஸ் ஆய்வும் இதையே வேறு கோணத்தில் காட்டியது. பெரும்பாலான சிறுவர்களுக்கு அறிவியல் பாடம் பிடித்திருந்தது, ஆனால் அறிவியலாளராக விரும்பியவர்கள் சிறுபான்மையே. அந்த வேலையில் இருக்கும் ஒருவரை அறிந்திருப்பதும் வீட்டில் அதைப் பற்றிய பேச்சு நடப்பதும் ஆசையைப் பெரிதும் தீர்மானித்தன.

இந்த ஆய்வுகளைக் கொண்டாப்பூருக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு முரண் வெளிப்படுகிறது. பொறியியல் இவ்வளவு அடர்ந்து கிடக்கும் பகுதி நாட்டிலேயே அரிது. ஆனால் மாணவரின் கண்ணில் படுவது அதன் ஒரு கிளை மட்டும். மென்பொருள் நிறுவனத்தின் கண்ணாடிக் கட்டடம் தெரிகிறது, அடையாள அட்டை தெரிகிறது, அலுவலகப் பேருந்து தெரிகிறது. 2023 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட கொத்தகூடா மேம்பாலத்தின் மீது பள்ளிப் பேருந்து நாள்தோறும் ஓடுகிறது. அதைப் பொறியியல் என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. பாலத்தில் வண்டி குறிப்பிட்ட இடைவெளிகளில் 'தடக்' என்று ஒரு முறை அதிரும். கான்கிரீட் தளம் கோடை வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதற்கு இடம் விட்டு இரண்டு தளங்களுக்கு நடுவே வைத்த இணைப்பின் மேல் சக்கரம் ஏறுவதால் வரும் அதிர்வு அது. கீழே தூணின் தலையில், தளத்துக்கும் தூணுக்கும் இடையே அமர்ந்திருக்கும் தாங்கிகள் அந்த நகர்வைத் தாங்கிக்கொண்டு பாரத்தைத் தூணுக்கு இறக்குகின்றன. எவ்வளவு இடைவெளி விடுவது, தாங்கி எத்தனை ஆண்டு உழைக்கும், போக்குவரத்தை நிறுத்தாமல் அதை எப்படி மாற்றுவது என்ற கேள்விகளுக்கு விடை காண்பது ஒரு பொறியாளரின் வாழ்நாள் வேலையாக இருக்க முடியும். பள்ளி இயற்பியலில் வெப்ப விரிவைப் படித்த மாணவருக்கு இதை விளங்கச் செய்ய அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் அவருடைய பள்ளி வாழ்க்கையில் வருவதே இல்லை.

மேம்பாலம் ஒன்று மட்டுமா? கொண்டாப்பூருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் ராமச்சந்திராபுரத்தில் பெல் நிறுவனத்தின் கனரக மின்சாதன ஆலை 1960களிலிருந்து இயங்கி வருகிறது. நகரின் மறுகோடியில் இ.சி.ஐ.எல். மின்னணு நிறுவனம், அணு எரிபொருள் வளாகம், மிதானி உலோக ஆலை, பாதுகாப்பு ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. ஆதிபட்லாவில் வானூர்திப் பாகங்கள் தயாராகின்றன. 2018இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட ஸ்கைரூட் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் ராக்கெட் 2022 நவம்பர் 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரை அழித்த பிறகு பொறியாளர் விசுவேசுவரய்யா வரவழைக்கப்பட்டதும், அதன் தொடர்ச்சியாக உஸ்மான் சாகர் நீர்த்தேக்கம் 1920இலும் ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கம் 1927இலும் உருவானதும் இந்நகரின் வரலாறு. நூறாண்டுக்குப் பிறகு, 2020 அக்டோபர் மழையில் மீண்டும் தெருக்கள் ஆறாயின. ஏரிகளை இணைத்த கால்வாய்கள் அடைபட்ட நகரில் நீரியல் அறிந்த பொறியாளரின் தேவை எவ்வளவு பெரிது என்பதை அந்த மழை எல்லோருக்கும் காட்டியது. எனினும் அந்தத் தேவை விளம்பரப் பலகையில் ஏறுவதில்லை. பிளேஸ்மென்ட் பட்டியலில் வரும் சம்பளத் தொகைதான் ஏறுகிறது.

ஒரு நிமிடம் ஏழு விநாடி

அறிமுகம் இல்லாத இடத்தை நுழைவுத் தேர்வு நிரப்புகிறது. தெலங்கானாவில் பொறியியல் சேர்க்கைக்கு நடத்தப்படும் இ.ஏ.பி.செட், மக்கள் வழக்கில் இன்றும் எம்செட், 160 வினாக்கள் கொண்டது: கணிதம் 80, இயற்பியல் 40, வேதியியல் 40. நேரம் 180 நிமிடம். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடமும் ஏழு விநாடியும் சொச்சமும் கிடைக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. இந்த வேகத்தைப் பழக்குவதற்காகவே ஐதராபாத்தின் கார்ப்பரேட் ஜூனியர் கல்லூரிகள் தனித் தொழிலாக வளர்ந்தன. மாதாப்பூரில் மட்டுமே அவற்றின் வளாகங்கள் வரிசையாக நிற்கின்றன. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளான இன்டர்மீடியட் இரண்டு ஆண்டில் எம்.பி.சி. (கணிதம், இயற்பியல், வேதியியல்) பிரிவு, விடுதி, காலை முதல் இரவு வரை ஸ்டடி ஹவர்ஸ், வாராந்திரத் தேர்வு, அதன் தரவரிசைப்படி பிரிக்கப்படும் வகுப்புகள் என அந்த உலகம் இயங்குகிறது. டெக்னோ பள்ளி என்ற பெயரில் அதே பயிற்சி ஆறாம் வகுப்புக்கே இறங்கிவிட்டது. முன்பு சேர்க்கைத் தரவரிசையில் இன்டர் மதிப்பெண்ணுக்கு 25 விழுக்காடு இடம் இருந்தது. 2023இல் அதையும் தெலங்கானா நீக்கியதால் இன்டர் மதிப்பெண் தகுதிக்கு மட்டுமே என்றாயிற்று. தரவரிசை முழுவதும் ஒரே நாள் தேர்வின் கையில் விழுந்தது.

விரைவாகக் கணக்குப் போடுவது பயனற்ற திறன் என்று நான் வாதிடவில்லை. கணிதம் இல்லாமல் பொறியியல் இல்லை. ஆனால் பொறியியல் வேலையின் இயல்பு இந்தத் தேர்வுக்கு நேர் எதிரானது. அங்கே வினாவையே நாம்தான் வரையறுக்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்று சரி என்ற உறுதி கிடையாது. செலவு, காலம், பாதுகாப்பு, பயன்படுத்துபவரின் வசதி ஆகியவை ஒன்றோடொன்று மோதும். முடிவுக்கு வர மாதங்கள் ஆகும். தவறினால் திரும்பச் செய்ய வேண்டும். இந்த வேலையை விரும்பக்கூடிய மாணவர் அந்தத் தேர்வில் பின்தங்கலாம். தேர்வில் முந்தியவர் இந்த வேலையை வெறுக்கவும் செய்யலாம். இருவருக்கும் அது முன்கூட்டியே தெரிய வாய்ப்பில்லை. இதன் விலை சிறியதன்று. 2019 ஏப்ரலில் தெலங்கானா இன்டர்மீடியட் முடிவுகளில் குளறுபடி நேர்ந்து, அதைத் தொடர்ந்த நாட்களில் மாணவர்கள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டது நாட்டையே உலுக்கியது. 2022இல் இந்தியா முழுவதும் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. ஒவ்வொரு மரணத்துக்கும் காரணங்கள் பல. எனினும் ஒரே வாசலை மட்டும் காட்டி, அது மூடினால் வாழ்வே மூடிவிட்டதாக நம்பவைக்கும் ஏற்பாடு பிள்ளைகளைத் தனியே நிறுத்துகிறது என்பதை மறுக்க முடியாது.

அப்படியானால் நுழைவுத் தேர்வை நீக்கிவிட்டால் தீருமா? தமிழ்நாடு அதைச் செய்து பார்த்தது. 2006இல் சட்டம் இயற்றி, 2007-08 முதல் பொறியியல் சேர்க்கையைப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படைக்கு மாற்றியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய கதவைத் திறந்தது. அந்த நன்மையைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அறிமுகம் என்ற குறையை இதுவும் தீர்க்கவில்லை. கவுன்சலிங் நாளில் கல்லூரி, துறைக் குறியீடுகளைத் தரவரிசைப்படுத்தும் மாணவருக்கு அவற்றின் பின்னால் இருக்கும் வேலை தெரியாது. முந்தைய ஆண்டு கட்-ஆஃப் மட்டும் தெரியும். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட கொண்டாப்பூர்க் குடும்பங்கள் இருப்பிடச் சான்றிதழ் வாங்கித் தமிழ்நாட்டில் ஒரு விண்ணப்பமும், தெலங்கானாவில் எம்செட்டுக்கு ஒரு விண்ணப்பமும் போடுவது உண்டு. வழிகள் இரண்டும் வெவ்வேறு, ஆனால் இரண்டிலும் மாணவர் பார்க்காத ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

இடங்கள் பெருகின, துறைகள் சுருங்கின

ஆசை இப்படிக் குறுகியதற்கு மாணவரை மட்டும் பொறுப்பாக்க முடியாது என்பதைக் கல்லூரிகளின் வரலாறு காட்டும். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி அரசு கொண்டுவந்த கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டம் லட்சக்கணக்கான பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. கூடவே கல்லூரிகளும் பெருகி 700ஐ நெருங்கின. தமிழ்நாட்டிலும் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. பின்னர் சரிவு வந்தது. நாடு முழுவதும் ஏறத்தாழப் பாதி இடங்கள் காலியாகக் கிடந்த ஆண்டுகளும் உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த சயன்ட் நிறுவனத்தின் நிறுவனர் பி.வி.ஆர். மோகன் ரெட்டி தலைமையில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அமைத்த குழு, 2020 முதல் புதிய கல்லூரிகளுக்கு அனுமதி தர வேண்டாம் என்று 2018இல் பரிந்துரைத்தது. மரபான துறைகளில் இடங்களைக் கூட்டாமல் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் போன்ற புதிய துறைகளுக்குத் திருப்பவும் சொன்னது. 2020இல் விதிக்கப்பட்ட தடை 2023இல் விலகியது. 2024-25இல் நல்ல நிலையில் உள்ள கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பும் நீக்கப்பட்டது. விளைவு எதிர்பார்த்ததே. தெலங்கானாவில் இன்று பொறியியல் இடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கணினி சார்ந்த பிரிவுகளில் இருக்கின்றன. சிவில், மெக்கானிக்கல் துறைகளை மூடி அந்த இடங்களைக் கணினிக்கு மாற்றிக்கொள்ளக் கல்லூரிகள் போட்டியிடுகின்றன. மாணவர் விரும்புவதைக் கல்லூரி தருகிறது, கல்லூரி தருவதை மாணவர் விரும்புகிறார். நடுவே நாட்டுக்கு என்ன தேவை, அந்த மாணவருக்கு எது பொருந்தும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க ஆளில்லை.

இதற்கு முன்பும் இது நடந்ததுதான். 2010களின் நடுவில் தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் பெரிதும் தேடப்பட்ட துறை. சில ஆண்டுகளிலேயே அதே துறையின் இடங்களை நிரப்பக் கல்லூரிகள் திண்டாடின. 2001இன் டாட்காம் வீழ்ச்சியும் 2008இன் உலக நெருக்கடியும் கணினித் துறையை உலுக்கின, பின்னர் அது மீண்டது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் இரண்டு விழுக்காட்டினரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. தொடக்க நிலை நிரலெழுதும் வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு எவ்வளவு மாற்றும் என்பது இன்று துறைக்குள்ளேயே நடக்கும் விவாதம். இதிலிருந்து கணினியைப் படிக்காதே என்ற அறிவுரைக்குத் தாவுவது தவறு. பதினேழு வயதில் எடுக்கும் முடிவு பலன் தருவது இருபத்தொன்றில். அதற்குள் சந்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஆகவே இன்றைய சந்தையை மட்டும் பார்த்துத் துறையைத் தேர்ந்தவர் அந்தச் சுற்றில் அகப்பட்டுத் தவிப்பார். வேலையின் இயல்பைப் பார்த்துத் தேர்ந்தவருக்குச் சந்தை மாறும்போது தானும் மாறிக்கொள்ளப் பிடிமானம் இருக்கும்.

யாருக்கு அறிமுகம் கிடைக்கிறது

அறிமுகத்தின் ஆற்றலுக்குச் சென்னையின் கிண்டிப் பொறியியல் கல்லூரி வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்த நிறுவனத்தில் 1940கள் வரை பெண்கள் இல்லை. தெலுங்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஏ. லலிதா பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். மின்பொறியியல் படித்து 1943இல் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அவர் பின்னாளில் பக்ரா நங்கல் அணை தொடர்பான பணிகளிலும் பங்கேற்றார். அவருடைய உறுதியையும் அறிவையும் போற்றும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவருடைய தந்தை அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். பொறியியல் என்பது என்ன என்று அந்த வீட்டில் யாரும் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. கல்லூரியில் தனியாக இருக்கக்கூடாது என்பதற்காக வேறு பெண்களையும் சேர்க்க முயற்சி எடுக்கப்பட்டது, பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரும் சேர்ந்தார்கள். திரேசியா பின்னர் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். அறிமுகமும் வாசலும் ஒருசேரக் கிடைத்தால் ஆசை எப்படித் துளிர்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஆனால் அந்த அறிமுகம் தற்செயலாக ஒரு வீட்டில் இருந்தது, ஆயிரம் வீடுகளில் இல்லை. ஐ.ஐ.டி.களில் பெண்களின் பங்கு ஒற்றை இலக்கத்தில் தேங்கிக் கிடந்து, 2018இல் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்ட பிறகே உயர்ந்து 2020இல் 20 விழுக்காட்டைத் தொட்டது.

சாதியும் இதே கதையைச் சொல்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட ஆய்வு நூல், தகுதி என்று கொண்டாடப்படுவதற்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கல்வி முதலும் தொடர்புகளும் இருப்பதை விரிவாக நிறுவுகிறது. இந்தச் சமமின்மையைக் குறைக்க அரசுகள் முயன்றிருக்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தமிழ்நாடு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடத்தை 2021இல் சட்டமாக்கியது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் துறைகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2008இல் உருவான ராஜீவ்காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இன்னும் துணிச்சலானது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே கிராமப்புற மாணவர்களைச் சேர்த்து, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கூடுதல் புள்ளியும் தந்து, ஆறாண்டுப் படிப்பாக நடத்துகிறது. துறை ஒதுக்கீடு நடப்பது முதல் இரண்டு ஆண்டுகள் முடிந்த பிறகுதான். கார்ப்பரேட் கல்லூரியின் இரண்டு ஆண்டுகளை மாணவர் இங்கே பொறியியல் வளாகத்துக்குள்ளேயே கழிக்கிறார். தெலங்கானாவில் உள்ள அதன் பாசர் வளாக மாணவர்கள் அடிப்படை வசதி கேட்டு 2022 ஜூனில் பல நாட்கள் போராட வேண்டியிருந்தது. நல்ல திட்டத்தைப் பராமரிக்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு அது பாடம். திட்டத்தின் அடிப்படை எண்ணம் பிழை என்பதற்கு அது சான்று ஆகாது.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் சம்பளத்தைப் பற்றியது: குடும்பத்தை நிமிர்த்த வேண்டிய பிள்ளைக்கு விருப்பமும் பொருத்தமும் ஆடம்பரம், பேக்கேஜ்தான் முதன்மை என்பார்கள். இந்த வாதத்தில் வலி இருக்கிறது, மதிக்க வேண்டும். ஐதராபாத்தின் முன்னணித் தனியார் கல்லூரிகள் சிலவற்றில் ஆண்டுக் கட்டணம் ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் வீடு வேலையைத்தான் எதிர்பார்க்கும். ஆனால் தவறான தேர்வின் சுமையை யார் அதிகம் சுமக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பிடிக்காத துறையை விட்டு எம்.பி.ஏ.வுக்கோ வெளிநாட்டுக்கோ போக முடியும். அரியர் குவிந்து இரண்டாம் ஆண்டில் நிற்கும் ஏழைப் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. ஆகவே முன்கூட்டிய அறிமுகம் ஏழைக்குத்தான் அதிகம் தேவை; பணக்காரப் பிள்ளைக்கு அது உறவினர் வழியாக ஏற்கெனவே கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது எதிர்வாதம்: இன்று எல்லாத் துறையும் மென்பொருள்தான், எனவே கணினியைப் படிப்பதே அறிவுடைமை. பாதி உண்மை. பாலத்தின் வடிவமைப்பும் வெள்ளக் கணிப்பும் கணினியில்தான் நடக்கின்றன. ஆனால் சுழலியின் அதிர்வு என்னவென்று அறியாதவர் அதைக் கண்காணிக்கும் நிரலை எழுத முடியாது. மழைநீர் மண்ணில் எப்படி இறங்குகிறது என்று தெரியாதவர் வெள்ள எச்சரிக்கை அமைப்பைக் கட்ட முடியாது. நிரலெழுதும் வேலை எளிதாகும் அளவுக்கு எதைப் பற்றி எழுதுகிறோம் என்ற அறிவின் மதிப்பு கூடும். எல்லோரும் கணினி கற்க வேண்டும் என்பதும் எல்லோரும் கணினித் துறையில் சேர வேண்டும் என்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது எதிர்வாதம் கூர்மையானது: துறைத் தேர்வை ஓராண்டு தள்ளிவைத்தால் போட்டியும் ஓராண்டு தள்ளிப்போகும், அவ்வளவுதான். இதற்குச் சான்றும் உண்டு. முதலாண்டு மதிப்பெண் அடிப்படையில் துறை மாற்றம் தந்துவந்த ஐ.ஐ.டி.களில் சில, அது புதிய மாணவர்களைப் பெரும் அழுத்தத்துக்கு உள்ளாக்குவதைக் கண்டு அந்த வழக்கத்தை அண்மையில் கைவிட்டன. இந்த மறுப்பை ஏற்க வேண்டும். மதிப்பெண்ணோடு பிணைந்த அறிமுகம் அறிமுகமே ஆகாது, இன்னொரு தேர்வாகிவிடும். அதனால்தான் தீர்வைக் கல்லூரியின் முதலாண்டில் வைப்பதைவிட எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான காலத்தில், மதிப்பெண் இல்லாமல் வைக்க வேண்டும்.

பள்ளிகளுக்கு நேரமும் ஆசிரியரும் ஏது என்பது அடுத்து வரும் கேள்வி. தொடக்கப் புள்ளிகள் இருக்கின்றன. மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 10,000 பள்ளிகளில் அமைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் உயர்கல்வி வழிகாட்டலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. கொண்டாப்பூருக்கு அருகே ராயதுர்கத்தில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட டி-ஒர்க்ஸ் மையத்தில் 78,000 சதுர அடியில் முப்பரிமாண அச்சு இயந்திரம், லேசர் வெட்டி, மின்சுற்றுப் பலகை தயாரிக்கும் கருவி, உலோகம் கடையும் இயந்திரம் எல்லாம் இருக்கின்றன. பிள்ளை தன் கையால் ஒன்றைச் செய்து, அது உடைந்து, ஏன் உடைந்தது என்று கண்டறியும் இடம் அது. கட்டடமும் கருவியும் கைவசம் இருக்கையில், பள்ளி நேர அட்டவணையில் அவற்றுக்கு இடம் ஒதுக்குவதே எஞ்சிய வேலை.

செய்யத்தக்கவை

ஆய்வின் முடிவாகச் சில நடைமுறைகளைச் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்குச் சில நாட்களாவது நான்கு வகையான பொறியியல் பணியிடங்களைக் காண வேண்டும்: கட்டப்படும் ஒன்று, உற்பத்தியாகும் ஒன்று, பராமரிக்கப்படும் ஒன்று, நிரலாக எழுதப்படும் ஒன்று. மேற்கு ஐதராபாத்தில் மெட்ரோ பணிமனை, குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், பெல் ஆலை, மென்பொருள் அலுவலகம் எல்லாம் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும். அங்கே பணியாற்றும் இளநிலைப் பொறியாளர் தம் ஒரு நாள் வேலையை, அதன் சலிப்பையும் சேர்த்து, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இதை அரசுப் பள்ளிகளிலிருந்து தொடங்க வேண்டும். டெக்னோ பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வேறு வழிகள் உண்டு.

பாலிடெக்னிக் வழியை இரண்டாந்தரமாகப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பின் டிப்ளமோ படித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டுப் பொறியியலில் சேரும் ஏற்பாடு தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் நெடுங்காலமாக இருக்கிறது. பட்டறையில் கைபழகி, வேலை இன்னதென்று அறிந்த பிறகு பட்டத்துக்கு வரும் மாணவர், இக்கட்டுரை கேட்கும் வரிசையில் ஏற்கெனவே நடப்பவர். அவர்களுக்கான இடங்களைக் கூட்டி, மாணவரின் கண்ணில் படும்படி முன்னிறுத்த வேண்டும். கல்லூரிகள் வெளியிடும் பிளேஸ்மென்ட் விவரத்தில் உச்சச் சம்பளத்தோடு, படித்த துறையிலேயே ஐந்தாண்டுக்குப் பின் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லக் கட்டாயப்படுத்த வேண்டும். சேர்க்கைத் தரவரிசையில் பள்ளி மதிப்பெண்ணுக்குத் தெலங்கானா மீண்டும் ஓர் இடம் தருவது, இரண்டு ஆண்டு உழைப்பை ஒரு நாளின் பிடியிலிருந்து விடுவிக்கும்.

இவை நடந்தாலும் கொண்டாப்பூர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கணினியையே விரும்பலாம். அதில் குறையேதுமில்லை. ஆலையைப் பார்த்து, பாலத்தைப் பார்த்து, நீர்நிலையத்தைப் பார்த்து, அதன் பிறகும் நிரலெழுதுவதே தனக்கு உகந்தது என்று சொல்லும் மாணவர், வேறெதுவும் தெரியாததால் அதில் சேர்ந்தவரைவிடச் சிறந்த கணினிப் பொறியாளராக வருவார். வேறொன்றில் மனம் பதியும் சிலரோ, இந்த நகரத்துக்கு உடனடியாகத் தேவைப்படும் நீரியல், மின்னியல், கட்டுமானப் பொறியாளர்களாக வருவார்கள். கல்லூரி வாசலை அகலப்படுத்தும் வேலையை அரசுகள் முப்பது ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கின்றன. அந்த வாசலுக்கு வரும் பிள்ளை எதற்காக வருகிறோம் என்று தெரிந்து வரும்படி செய்யும் பொறுப்பு இப்போது பள்ளிகளுடையது. அதற்கான நேரத்தை எட்டாம் வகுப்பின் அட்டவணையிலேயே ஒதுக்கித் தொடங்க வேண்டும்.